திறந்த கண்ணும் கடைசி மூச்சும்

“ஊசி போட்ட பிறகும் ரெண்டு தடவை மூச்சு இழுத்துச்சு டாக்டரம்மா. கண்ணை மூடவே இல்லை. நாங்க உயிரோடதான் புதைச்சிருக்கோம்.”

இதைக் கேட்காமல் எனக்கு ஒரு மாதம் கழிவதில்லை. போனில் சொல்வார்கள், கல்யாண வீட்டில் ஓரமாக அழைத்துப்போய்ச் சொல்வார்கள். அண்மையில் ஒரு அம்மா மருந்துக்கடை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் பொமரேனியனைப் பறிகொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அத்தனை நாளும் தூக்கமில்லை. துக்கத்தால் மட்டும் வந்த தூக்கமின்மை இல்லை அது. அடுக்குமாடியில் யாரோ ஒருவர், “உண்மையான ஊசி விலை ஜாஸ்தி, அதனால வெறும் மயக்க ஊசியைப் போட்டு அனுப்பிடுறாங்க. மூச்சு வந்துதுன்னா உயிர் இருந்துதுன்னுதான் அர்த்தம். கவுன்சில்ல புகார் கொடுங்க, டாக்டர் லைசென்ஸ் போயிடும்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சொன்னவர் அன்றைக்கே மறந்திருப்பார். கேட்டவருக்கு எட்டு மாதமாக ராத்திரியில் மண்ணுக்கடியிலிருந்து நாய் பிறாண்டும் சத்தம் கேட்கிறது.

இந்த வதந்தியைப் பரப்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

முதலில் அந்த ஊசி என்ன என்பதைச் சொல்கிறேன். கருணைக்கொலைக்கு உலகம் முழுக்க முதலிடத்தில் இருக்கும் மருந்து பென்டோபார்பிட்டால். நம் நாட்டில் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. கிடைக்காத இடத்தில் அதே குடும்பத்தைச் சேர்ந்த தயோபென்டோனைப் பயன்படுத்துகிறோம். அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கப் பல ஆண்டுகளாக மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் போட்டுவந்த மருந்துதான் இது. ஆக, ‘மயக்க ஊசி’ என்று சொல்கிறவர் பாதி உண்மையைச் சொல்கிறார். மயக்க மருந்தேதான், ஆனால் மயக்கத்துக்கான அளவைத் தாண்டிப் பல மடங்கு. நரம்பில் சரியாக ஏறினால் முதலில் அணைவது மூளையின் மேல்பகுதி. வலியை வலியாக உணர்வதும், பயப்படுவதும், உங்கள் குரலை அடையாளம் காண்பதும் அந்தப் பகுதிதான். ஒரு நிமிடத்துக்குள் அது முடிந்துவிடும். அடுத்து மூச்சை இயக்கும் அடிமூளை. கடைசியாக இதயம், அதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் அணைவதில்லை.

நீங்கள் பார்த்த அந்த இழுப்பு இந்த இடைவெளியில் வருவது. மேல்பகுதி அணைந்த பிறகு, அடிமூளையில் மிச்சமிருக்கும் தூண்டல் விலா எலும்புகளையும் உதரவிதானத்தையும் ஒருமுறை, இருமுறை இழுத்துவிடும். வாய் திறக்கும், கழுத்து பின்னால் போகும். சில நேரம் சத்தமும் வரும். பார்க்கிறவருக்கு நெஞ்சு பதறும், எனக்கே இன்னும் பதறுகிறது. ஆனால் அதை உணர்வதற்கு உள்ளே யாரும் இல்லை. நம் பாட்டிமார் இதைக் கட்டிலருகில் உட்கார்ந்து எத்தனையோ முறை பார்த்தவர்கள். மனிதர்களின் சாவில் ‘மேல்மூச்சு வாங்குது’ என்று சொல்லத் தெரிந்த நாம், நாயின் சாவில் மட்டும் அதைக் குற்றமாக்கிவிடுகிறோம்.

தோலுக்கடியில் தசை துடிக்கும். கால் ஒருமுறை உதைக்கும். கறிக்கடையில் தலை போன கோழி சிறகடிப்பதைப் பார்க்காதவர் நம்மில் யார்? அதைப் பார்த்து, கோழிக்கு வலிக்கிறது, ஓட நினைக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. தசை அசைவதற்கும் உயிர் உணர்வதற்கும் உள்ள வித்தியாசம் அங்கே நமக்குப் புரிகிறது. நாம் பெயர் வைத்து வளர்த்த ஜீவன் என்றதும் புரியாமல் போகிறது. பாசத்தால் வரும் தவறு இது, அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பாசத்துக்குள் பொய்யை ஊற்றுகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

கண்ணுக்கு வருகிறேன். இமையை மூடுவதற்குத் தசை வேலை செய்தாக வேண்டும். செத்த பிறகு தசை தளர்ந்துபோகும், இமை பாதி திறந்தபடி நின்றுவிடும். மனிதர்களுக்கும் அப்படித்தான். அதனால்தான் சாவு வீட்டில் முதல் காரியமாக யாராவது கையால் கண்ணை மூடிவிடுகிறார்கள். கீட்டமின் கொடுத்துக் கருத்தடை செய்யும் பூனை கண்ணை அகலத் திறந்தபடி படுத்திருக்கும். கருவிழி காய்ந்துபோகாமல் இருக்க நாங்கள் களிம்பு தடவுவோம். வயிற்றைக் கிழித்துத் தைத்து முடிக்கும்வரை அது எதையும் அறியாது. திறந்த கண் விழித்திருப்பதற்குச் சாட்சி இல்லை. சிறுநீரும் மலமும் போவது இதே தசைத் தளர்ச்சியால்தான், பயத்தால் அல்ல.

‘தூங்க வைக்கிறோம்’ என்று சொல்லும் சக மருத்துவர்களையும் இந்த இடத்திலேயே கேட்டுக்கொள்கிறேன்: அந்தப் பேச்சை விடுங்கள். தூக்கம் என்றால் கண் மூடியிருக்க வேண்டும், மூச்சு சீராக வர வேண்டும், அப்படித்தானே அந்த வீட்டுப் பிள்ளை எதிர்பார்க்கும்? நாம் கொடுத்த அந்த ஒரு மென்மையான பொய்தான் மேசைமேல் நடப்பதைப் பயங்கரமாக்குகிறது. சாகும் என்று சொல்லுங்கள். கண் திறந்திருக்கும் என்று சொல்லுங்கள். ஊசியை எடுப்பதற்கு முன்னால் சொல்லுங்கள்.

இந்த வதந்தி என்னை இவ்வளவு கோபப்படுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. உண்மையான தவறுகள் இதன் பின்னால் ஒளிந்துகொள்கின்றன.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் புகார் மனுவை எனக்குப் படிக்கக் கொண்டுவந்தார். பதின்மூன்று வயது லாப்ரடார், சிறுநீரகம் போய்விட்டது, நிற்க முடியவில்லை. ஊசி போடுவதென்று முடிவெடுத்தது சரிதான். மனு பன்னிரண்டு பக்கம். பத்துப் பக்கத்துக்கு மேல் கண் திறந்திருந்ததையும் மூச்சு இழுத்ததையும் பற்றியே எழுதியிருந்தார். கூடவே மகன் போனில் எடுத்த வீடியோ. நான்கு நிமிடம். அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். நாய் முழு நினைவோடு இருக்கிறது, முன்கூட்டி எந்த மயக்கமும் கொடுத்த அடையாளம் இல்லை. முன்காலில் கேனுலா இல்லை, நேரடியாக ஊசி. நரம்பு கிடைக்காமல் இரண்டாவது, மூன்றாவது குத்து. மருந்து ஏறியதும் மருத்துவர் வெளியே போய்விடுகிறார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, உதவியாளர் “முடிஞ்சுது சார், தூக்கிக்கோங்க” என்கிறார். நான்கு நிமிடத்தில் ஒரே ஒருமுறைகூட ஸ்டெதஸ்கோப் அந்த மார்பைத் தொடவில்லை.

“இதை ஏன் சார் எழுதலை?” என்று கேட்டேன். “இதெல்லாம் தப்புன்னு எனக்குத் தெரியாதேம்மா” என்றார்.

வதந்தி செய்யும் அநியாயம் இதுதான். குற்றமில்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு பத்துப் பக்கம். குற்றமான நான்கு காரியங்களுக்கு ஒரு வரிகூட இல்லை. அந்த மனு அப்படியே போயிருந்தால், கண் திறந்திருப்பது இயல்பு, மூச்சு இழுப்பதும் இயல்பு என்று எதிர்த்தரப்பு இரண்டு பத்தியில் பதில் கொடுத்திருக்கும். அந்தப் பதிலும் சரியாகவே இருந்திருக்கும்.

கடைசியில் அவர் கேட்ட கேள்விக்கு நான் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. “அப்போ அந்த மூச்சு வந்தப்போ அவன் செத்துட்டானா, இல்லையா?” பெரும்பாலும் அது கடைசி இழுப்பாகத்தான் இருக்கும் என்றேன். ஆனால் வீடியோவை வைத்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. மூச்சு எதையும் நிரூபிப்பதில்லை, இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. இதயத்தைக் கேட்டால்தான் தெரியும். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தாலோ அளவு குறைந்தாலோ ஆழ்ந்த மயக்கத்தோடு நின்றுவிடவும் கூடும், அரிதாக. அதற்காகத்தான் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துச் சில நிமிடம் தொடர்ந்து கேட்கிறோம், கருவிழியைத் தொட்டு இமை அசைகிறதா என்று பார்க்கிறோம், கண்பாப்பா விரிந்து நிற்கிறதா என்று பார்க்கிறோம், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பார்க்கிறோம். ஐந்து, பத்து நிமிட வேலை. அதைச் செய்யாத மருத்துவர் அந்த மனிதரின் மீதி வாழ்நாளுக்கு ஒரு சந்தேகத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

தெருநாய்களுக்கு இருக்கும் சட்டத்தைப் பாருங்கள். 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள், குணப்படுத்த முடியாத நோயோ பிழைக்க முடியாத காயமோ உள்ள நாய்க்கு மட்டுமே கருணைக்கொலை என்கின்றன. தகுதிபெற்ற கால்நடை மருத்துவர்தான் செய்ய வேண்டும், பென்டோபார்பிட்டால் அல்லது அங்கீகாரம் பெற்ற வேறு வலியற்ற முறை, இன்னொரு நாயின் கண்முன்னே கூடாது, இறந்துவிட்டதை உறுதிசெய்த பிறகே உடலை அப்புறப்படுத்த வேண்டும். பேரில்லாத நாய்க்கு இவ்வளவு உண்டு. காசு கொடுத்து, கையெழுத்துப் போட்டு, கண்ணீரோடு நிற்கும் குடும்பத்தின் நாய்க்கு அதைவிடக் குறைவாகச் செய்ய எந்த மருத்துவருக்கு உரிமை இருக்கிறது?

அப்படியானால் எது புகார்? நினைவோடு இருக்கும் விலங்குக்கு மெக்னீசியம் சல்பேட்டையோ பொட்டாசியம் குளோரைடையோ மட்டும் ஏற்றினால், அது புகார். இந்த இரண்டும் ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும் விலங்கின் இதயத்தை நிறுத்த மட்டுமே. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டி அப்படித்தான் சொல்கிறது. இதயத்துக்குள் நேராக ஊசி போடுவதும் நினைவில்லாத விலங்குக்கு மட்டுமே அனுமதி. விழித்திருக்கும் நாயின் நெஞ்சில் குத்தினால் அது கொடுமை. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இதயத்தில் ஸ்ட்ரிக்னின் ஊசி போட்டுக் கொல்வதைப் பெயர் சொல்லியே குற்றமாக்கியிருக்கிறது. ஒரு காலத்தில் நம் ஊர்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதற்கு அந்த வரியே சாட்சி. சென்னை மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொல்வதை விட்டுக் கருத்தடைக்கு மாறியதே 1996-இல்தான். நாய் வண்டியின் நினைவு இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. ஊசி என்றாலே விஷ ஊசி என்று பயப்படுவதன் வேர் அங்கேதான் என்று நான் நினைக்கிறேன்.

சம்மதம் வாங்காமல் செய்தால் அது புகார். வேறு வழி உண்டா என்று விளக்காமல் அவசரப்படுத்தினால், பதிவுபெற்ற மருத்துவர் இருக்க வேண்டிய இடத்தில் உதவியாளர் கையில் ஊசியைக் கொடுத்தால், கேட்ட பிறகும் சிகிச்சைக் குறிப்பைத் தர மறுத்தால், உடன் இருக்க விரும்பிய குடும்பத்தைக் காரணம் சொல்லாமல் வெளியே தள்ளினால், இவை எல்லாமே புகார்தான். நரம்பு கிடைக்க நேரமானது மட்டும் புகார் ஆகாது. நீர் வற்றிய, ரத்த அழுத்தம் விழுந்த கிழ நாயின் நரம்பு நூலாகச் சுருங்கியிருக்கும், இருபது வருட அனுபவம் உள்ளவருக்கே கைநழுவும். முன்கூட்டி மயக்கம் கொடுத்திருந்தால் அந்தத் தேடல் நாய்க்குத் தெரியாது. மேலே சொன்ன லாப்ரடாரின் விஷயத்தில் நான் மன்னிக்காதது மூன்று குத்துகளை அல்ல. அந்த மூன்றையும் அது உணர்ந்தது என்பதை.

மற்ற கட்டுக்கதைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை.

‘கவுன்சில் நஷ்டஈடு வாங்கித் தரும்.’ தராது. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின் கீழ் இயங்கும் மாநிலக் கவுன்சிலின் வேலை பதிவேட்டைக் காப்பதும் தொழில் ஒழுக்கத்தைக் காப்பதும். அதற்கென்று 1992-இல் வந்த நடத்தை விதிமுறைகள் இருக்கின்றன. பணம் வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வக்கீல் கட்டாயம் இல்லை. நீங்கள் செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமும் கிடையாது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் செய்த சேவை என்றால் அங்கே வழக்கு நிற்காது. ஆனால் அரசு மருத்துவமனையோ தனியார் கிளினிக்கோ, கவுன்சிலின் பதிவேட்டில் இருப்பவர் யாராக இருந்தாலும் கவுன்சிலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

‘புகார் கொடுத்த மறுநாளே லைசென்ஸ் போகும்.’ போகாது, போகவும் கூடாது. மருத்துவரின் பதிலைக் கேட்டு, ஆவணங்களைப் பார்த்து, பிறகுதான் முடிவு. ‘அவங்க ஆளுங்களை அவங்களே காப்பாத்திப்பாங்க, எழுதி என்ன பிரயோஜனம்’ என்று இதற்கு நேர்மாறாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் எழுதிப் பார்க்காதவர்கள்.

‘நாய்க்கு ஊசி போடக் கோர்ட் அனுமதி வேணும்.’ மனிதர்களுக்கான கருணைக்கொலை பற்றி 2011-இல் அருணா ஷான்பாக் வழக்கிலும் 2018-இல் இன்னொரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கொண்டுவந்து இங்கே ஒட்டுகிறார்கள். வீட்டு விலங்குக்கு உரிமையாளரின் சம்மதமும் பதிவுபெற்ற மருத்துவரின் தீர்மானமும்தான் வேண்டும்.

‘கையெழுத்துப் போட்டாச்சு, இனி வாயைத் திறக்க முடியாது.’ நீங்கள் கையெழுத்துப் போட்டது ஊசி போடுவதற்கு. கவனமில்லாமல் போடுவதற்கு அல்ல.

சந்தேகம் இருந்தால் உடலைப் புதைக்காதீர்கள், எரிக்காதீர்கள். இதைச் செய்யாமல் பிறகு என்னிடம் வந்து அழுகிறவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உடலை உறைய வைக்க வேண்டாம். உறைந்தால் திசுக்கள் கெட்டுப்போகும். பிளாஸ்டிக்கில் சுற்றி, சுற்றிலும் ஐஸ் வைத்து, அன்றைக்கே அல்லது மறுநாள் காலையில் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். சென்னையில் 1903-லிருந்து இயங்கிவரும் வேப்பேரிக் கல்லூரியைத் தெரியாத ஆட்டோக்காரர் இல்லை. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு என்று வெளியூர்களிலும் கல்லூரிகள் உண்டு. பார்பிட்டுரேட் வகை மருந்து உடலில் தங்கும், சோதனையில் தெரியும். பொட்டாசியத்தை அப்படி நிரூபிப்பது கடினம், செத்த எந்த உடலிலும் அதன் அளவு தானாகவே ஏறிவிடும். ஆகவே பரிசோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்பாதீர்கள். காலி மருந்துக் குப்பியின் பெயர், ஊசி போட்டவரின் பெயர், அவரது பதிவு எண், நேரம், இவற்றை அன்றிரவே ஒரு தாளில் எழுதிவையுங்கள். துக்கம் பத்து நாளில் நினைவை மாற்றிவிடும்.

பரிசோதனை வேண்டாம் என்றால் ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள், அல்லது எரியுங்கள். குப்பைமேட்டிலோ ஊருக்கு வெளியிலோ போடாதீர்கள். அந்த உடலில் இருக்கும் மருந்து அதைத் தின்னும் பருந்தையும் கழுகையும் இன்னொரு நாயையும் கொல்லும்.

என் தொழிலைச் சேர்ந்தவர்களிடம் நான் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று: சம்மதப் படிவத்தைத் தமிழில் வையுங்கள். நம் ஊரில் எத்தனை கிளினிக்குகளில் அது ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது! கையில் நடுக்கத்தோடு நிற்கும் மனிதரிடம் ஒரு ஆங்கிலத் தாளை நீட்டி, “இங்க ஒரு சைன் போடுங்க” என்றால் அது சம்மதமா? புரியாமல் வாங்கிய கையெழுத்து நம்மையும் காப்பாற்றாது, அவர்களையும் காப்பாற்றாது. மாடு, ஆட்டுக்கு மருந்து எழுதும்போது விவசாயியிடம் தமிழில்தானே பேசுகிறோம்? தடுப்பூசி அட்டையைத் தமிழில் அச்சடிக்க முடிகிறபோது இதை ஏன் முடியாது?

என் மேசையில் இருக்கும் தாள் ஒரே பக்கம். ஏன் ஊசி போடச் சொல்கிறேன், வேறு என்ன வழி இருக்கிறது, அதற்கு என்ன செலவாகும் என்று மேலே மூன்று வரி இடம் விட்டிருக்கிறேன், கையால் எழுத. அதன் கீழே அச்சில் இருப்பது இது:

‘முதலில் மயக்க ஊசி போடுவோம், வாந்தி வரலாம். பிறகு முன்காலில் குழாய் வைத்து மருந்து ஏற்றுவோம். ஒரு நிமிடத்துக்குள் நினைவு போய்விடும். அதன்பின் உடல் ஒன்றிரண்டு முறை மூச்சு இழுக்கலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் போகலாம். கண் திறந்தே இருக்கும். இதயம் நின்றுவிட்டதை மருத்துவர் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்து நேரத்தைக் குறிப்பார். விரும்பினால் நீங்களும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கலாம். அதுவரை உங்கள் செல்லத்தை மேசையிலிருந்து யாரும் எடுக்க மாட்டார்கள்.’

அந்தக் கடைசிக்கு முந்தைய வரியைச் சேர்த்ததிலிருந்து பத்தில் நான்கு பேராவது ஸ்டெதஸ்கோப்பைக் கையில் வாங்குகிறார்கள். சிலர் ரொம்ப நேரம் கேட்கிறார்கள். நான் அவசரப்படுத்துவதில்லை.

இந்தத் தாளின் பிரதி வேண்டும் என்கிற மருத்துவர்கள் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன். உங்கள் கிளினிக் பெயரைப் போட்டு அச்சடித்துக்கொள்ளலாம்.